ரோண்டாவும் ஆரஞ்சுக் கோடும்

"உக்காரு. உக்காரு. உக்காருன்னு சொல்றேன்ல" என்று, தாம் எறிந்து காற்றில் போய்க்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் தட்டை ரோண்டா ஹுஸ்மன் அதட்டுகிறார். தட்டு மேப்பிள் மரங்களின் இடைவெளியில் இடப்புறம் சாய்ந்து, சங்கிலி தொங்கும் கூடையைத் தாண்டி, இருபதடி தள்ளிப் போய்ப் புல்லில் விழுகிறது. "சொன்ன பேச்சு கேக்குதா பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே, வாயிலிருந்த சூரியகாந்தி விதைத் தோலைக் கையிலுள்ள காகிதக் கோப்பையில் துப்புகிறார். மைதானத்தில் அவர் துப்புவதில்லை. துப்புகிறவர்களைப் பார்த்தால், அவர்கள் முன்னிலையிலேயே குனிந்து அந்தத் தோல்களைப் பொறுக்கித் தம் கோப்பையில் போட்டுக்கொள்வார். அப்படித் தோல் பொறுக்கப்பட்டவர்கள் எங்கள் தட்டெறி ஆட்டக் குழுவில் நால்வர் இருக்கிறோம். மறுமுறை துப்பியவர் எவருமில்லை.

வயது ஐம்பத்தேழு. மாவட்டச் சாலைத் துறையில் இருபத்தொன்பது ஆண்டுகளாகக் கிரேடர் ஓட்டுகிறார். கோடையில் சரளைச் சாலைகளைச் செதுக்கிச் சமன் செய்வதும், பனிக்காலத்தில் அதே சாலைகளிலிருந்து பனியை வழிப்பதும் அவர் வேலை. சாலையின் நடுமேடு அரை அங்குலம் தாழ்ந்திருந்தால் இருக்கையை விட்டு எழாமலே சொல்லிவிடுவார். நடையிலும் அந்தத் தொழில் இருக்கிறது. அவர் வைக்கும் ஓர் எட்டு சரியாக மூன்றடி. மேடானாலும் சரி, சேறானாலும் சரி. பன்றிப் பண்ணையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு விளையாட வரும் எழுபது வயது மெர்ல், தொடக்கத்தில் இதை நம்பாமல் அளவு நாடாவை விரித்துப் பார்த்தார். இரண்டு செவ்வாய்க்கிழமைகளுக்குப் பிறகு நாடாவை வண்டியிலேயே விட்டுவிட்டு வரத் தொடங்கினார்.

ரோண்டாவிடம் இருப்பவை மூன்று தட்டுகள். தொலைவுக்கு ஒன்று, நடுத்தொலைவுக்கு ஒன்று, கூடைக்கு அருகிலிருந்து எறிய ஒன்று. மூன்றின் அடிப்புறத்திலும் பெயரும் தொலைபேசி எண்ணும் தடித்த மையால் எழுதப்பட்டிருக்கும். எங்கள் ஊரில் தட்டு வைத்திருக்கும் எல்லோரும் அவ்வாறு எழுதுகிறோம். கண்டெடுத்தவர் அழைத்துச் சொல்வதும் வழக்கம். ரோண்டா அழைக்கும் விதம் மட்டும் தனி. "உன் தட்டு என்கிட்ட இருக்கு. நாலாவது கூடைக்குப் பின்னாடி முள்ளுல மாட்டிக்கிடந்துச்சு. இன்னொரு அஞ்சு நிமிஷம் தேடியிருந்தா நீயே எடுத்திருப்பே" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். மறுநாள் அந்தத் தட்டு கழுவித் துடைக்கப்பட்டு உரியவரின் வீட்டு வாசற்கதவில் சாய்ந்திருக்கும்.

அவர் கோபம் எப்போதும் இப்படிச் சிறுசிறு செய்திகளில்தான் செலவாகும். குரல் உயராது. மிக மோசமான ஒன்றைப் பார்த்துவிட்டால், தலையை ஒரு பக்கம் சாய்த்து, "ம். இது ஒரு தினுசுதான்" என்பார். இந்த மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதைவிடக் கடுமையான வசை தெரியாது. சென்ற ஆண்டு முழுவதும் அவர் அந்தச் சொற்களைச் சொன்னது ஒரே ஒரு பொருளைக் குறித்துத்தான். அது தரையில் பூசப்பட்ட ஓர் ஆரஞ்சுக் கோடு.

எங்கள் மைதானத்தின் பதினெட்டுக் கூடைகளில் கடைசி ஆறும் வாப்ஸி ஆற்றின் கரையோடு செல்கின்றன. எதிர்க்கரையில் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கிறது. மாலை வெயில் அதன்மேல் படும் நேரத்தில் எறியத் தம் முறை வந்ததைக்கூட மறந்து நிற்பவர்கள் உண்டு. குறைந்த எறிதல்களில் தட்டைக் கூடைக்குள் சேர்ப்பதே இந்த ஆட்டம். தட்டு ஆற்றில் விழுந்தால் அது எல்லைக்கு வெளியே. எண்ணிக்கையில் ஒன்று கூடும். இருபது ஆண்டுகளாக, நீர் நிற்கும் விளிம்பே எல்லையாக இருந்தது. ஏப்ரலில் ஆறு பெருகினால் எல்லை மேலேறும். ஆகஸ்டில் வற்றினால் கீழிறங்கும். அன்றன்றைய ஆற்றைப் பார்த்து அன்றன்றைய எறிதலை முடிவு செய்வோம்.

சென்ற ஆண்டு குழுவை நடத்தும் பொறுப்புக்கு டேரிக் ஓல்சன் வந்தார். வயது முப்பத்து நான்கு. பயிர்க் காப்பீட்டு முகவர். இருபத்து நான்கு தட்டுகளைச் சக்கரம் வைத்த பெட்டியில் இழுத்துக்கொண்டு வருபவர். கெட்டவர் அல்லர். ஈரமான இலைமேல் கிடக்கும் தட்டு நீரைத் தொடுகிறதா இல்லையா என்று அதற்கு முந்தைய ஆண்டு இரண்டு பேர் இருபது நிமிடம் வாதாடியதைக் கண்டு அவர் மனம் நொந்திருந்தார். மே மாதக் கூட்டத்தில், பீட்சாக் கடையின் பின்னறையில், நிலையான கோடு ஒன்று போட்டுவிட்டால் தொல்லை தீரும் என்றார். கோட்டுக்கு உள்ளே கிடந்தால் உள்ளே; கிடந்த இடத்திலிருந்தே எறியலாம். கோட்டுக்கு அப்பால் கிடந்தால் அது ஆறு.

"தண்ணி இருக்கிற இடம் ஆறு. தண்ணி இல்லாத இடம் கரை. இதுக்கு எதுக்குப் பெயிண்ட்?" என்று கேட்டார் ரோண்டா.

டேரிக் பொறுமையாக எல்லாவற்றையும் மறுபடி விளக்கினார். நான்கு டப்பா பெயிண்டைக் கொண்டு ஓர் ஆற்றுக்கு எல்லை வகுத்துவிடலாம் என்று பதினான்கு கைகள் உயர்ந்ததை நான் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தேன். எதிராக உயர்ந்தவை மூன்று. ஒன்று ரோண்டாவுடையது, ஒன்று மெர்லுடையது. மூன்றாவது என்னுடையது, அது வெட்கப்படத்தக்க அளவுக்குத் தாமதமாக உயர்ந்தது.

கோடு மே மாத வெள்ளத்தின் விளிம்பில் போடப்பட்டது. ஆகஸ்டில் ஆறு கோட்டைவிட்டுப் பதினோரு எட்டு பின்வாங்கியிருந்தது. இடையில் இருந்தது வெறும் சரளை. வெயிலில் காய்ந்து, நடந்தால் தூசி எழும்பும் சரளை. அம்மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று பதினெட்டாவது கூடைக்கு ரோண்டா எறிந்த தட்டு, அந்தச் சரளையில், கோட்டைத் தாண்டி ஒரு முழம் தள்ளி விழுந்தது. பக்கத்தில் ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருந்தது.

"ஆறு எங்கப்பா இருக்கு?" என்று டேரிக்கைக் கேட்டார்.

"நாம ஒத்துக்கிட்டபடி கோடுதான் ஆறு, ரோண்டா."

ரோண்டா தொலைவில் மின்னிக்கொண்டிருந்த நீரைப் பார்த்தார். காலடியிலிருந்த தூசியைப் பார்த்தார். "ம். இது ஒரு தினுசுதான்" என்று சொல்லி, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி எழுதச் சொன்னார். அன்று அவர் தோற்றது அந்த ஒன்றால்தான். முதல் எண் வில்லை டேரிக்கின் பைக்குப் போனது.

வில்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஒவ்வொருவர் பையிலும் எண் பொறித்த ஒரு வில்லை தொங்குகிறது. செவ்வாய்தோறும் வந்தவர்கள் எல்லோரும் வில்லைகளைக் கழற்றி மேசைமேல் வைக்கிறோம். ஆட்டம் முடிந்ததும், மிகக் குறைந்த எறிதல்களில் முடித்தவர் இருப்பவற்றுள் மிகச் சிறிய எண்ணை எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் வரிசைப்படி. இருவர் சமமானால், சிறிய எண்ணோடு வந்தவரிடமே அது தங்கும். பருவத்தின் கடைசிச் செவ்வாயன்று முதல் எண்ணைக் கைப்பற்றுபவருக்கு மேலும் ஓர் உரிமை உண்டு. மறு ஏப்ரலில் மைதான விதி ஒன்றை அவர் சேர்க்கலாம், அல்லது நீக்கலாம். அதற்கு ஓட்டெடுப்பு கிடையாது. மெர்ல் ஒருமுறை இந்த உரிமையைக் கொண்டு, விளையாடும்போது பாட்டுப்பெட்டி கொண்டுவரக் கூடாது என்று விதித்தார். அந்த விதி இன்றும் நிற்கிறது.

அந்த உரிமை கிடைத்தால் ரோண்டா எந்த விதியை நீக்குவார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவரும் அதை ஒளிக்கவில்லை. வாரந்தோறும், ஆட்டம் தொடங்குவதற்கு முன், பதினெட்டாவது கூடைக்கு அருகே ஆற்றங்கரையில் நிற்கும் மூன்று காட்டன்வுட் மரங்களில் கடைசி மரத்தின் வேரில் குதிகாலை வைத்துக் கோடுவரை நடப்பார். பிறகு கோட்டிலிருந்து நீர்வரை நடப்பார். இரண்டையும் பழைய ஆட்டத்தாளின் பின்புறத்தில் தேதியோடு குறிப்பார். மரத்திலிருந்து கோட்டுக்கு எப்போதும் பதினேழு எட்டு. கோட்டிலிருந்து நீருக்கு நான்கு, ஏழு, ஒன்பது, பதினொன்று. செப்டம்பர் தொடக்கத்தில் அந்தத் தாள்களைச் சேர்த்து நகரப் பூங்கா அலுவலகத்துக்கு அனுப்பினார். கோடு எங்கே இருக்கிறது, ஆறு எங்கே இருக்கிறது, இரண்டையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வரி மட்டும் எழுதியிருந்தாராம். பூங்காக்கள்மீது தாங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி என்று ஓர் அட்டை வந்தது. அட்டையில் ஒரு நாரை சிரித்துக்கொண்டிருந்தது. நாரைக்குச் சிரிக்கத் தெரியும் என்பதை அந்த அலுவலகத்தின் வாயிலாகவே நாங்கள் அறிந்தோம்.

செப்டம்பரின் நான்காம் செவ்வாயன்று முதல் எண் மறுபடி ரோண்டாவிடம் வந்தது. மீதமிருந்தது கடைசிச் செவ்வாய் ஒன்றுதான்.

அதற்கு முந்தைய மூன்று நாள்களும் வடக்கே மழை. கடைசிச் செவ்வாயன்று நாங்கள் வந்து சேர்ந்தபோது வாப்ஸி காப்பி நிறத்தில், கிளைகளையும் சோளத்தட்டைகளையும் இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. கரையோர வில்லோப் புதர்களின் இடுப்பளவுக்கு நீர். கோடு கண்ணில் படவில்லை. அது நீருக்கு அடியில், கரையிலிருந்து வெகு தூரம் உள்ளே தள்ளி, சேற்றின் கீழ் எங்கேயோ இருந்தது. ரோண்டா நீரின் விளிம்புவரை போய் நின்றார். "இன்னைக்கு ஆறு அதோட வேலையைப் பாக்குது" என்று மட்டும் சொன்னார்.

ரோண்டா, டேரிக், மெர்ல், நான். இந்த நால்வரும் ஒரே குழுவாகப் போனோம். பதினேழு கூடைகள் முடிந்தபோது ரோண்டாவும் டேரிக்கும் சமம். சமமாகவே முடிந்தாலும் வில்லை ரோண்டாவிடம் தங்கும். டேரிக்குக்கு ஒன்று குறைந்தாக வேண்டும்.

பதினெட்டாவது எறிமேடையிலிருந்து கூடை தெரியாது. ஆறு வளைகிற இடத்தில், சிறு மேட்டில் அது நிற்கிறது. ரோண்டா நீரைவிட்டு விலகி, மேட்டுப்புறமாகப் பாதுகாப்பாக எறிந்தார். இரண்டாவது எறிதல் கூடையின் காலடியில் விழுந்தது. அதை எடுத்துக் கூடைக்குள் போட்டு, மூன்று என்று எழுதச் சொன்னார். டேரிக் எறிந்தது ஆற்றின்மேல் சென்ற துணிச்சலான எறிதல். நான் பார்த்தவரையில் அவர் எறிந்தவற்றுள் அழகானது அதுதான். சிவப்புத் தட்டு நீரின்மேல் நீண்ட வில்லாக வளைந்து, கரையை நோக்கித் திரும்பி, கடைசியில் ஒரு காற்றில் சறுக்கி, கூடைக்கு இருபதடி தொலைவில் நீருக்குள் நின்ற வில்லோப் புதரில் சிக்கிக்கொண்டது.

நால்வரும் கரையில் நின்று அதைப் பார்த்தோம். கோட்டுக்கு உள்ளே என்றால், டேரிக் அங்கே நின்று எறிவார், இருபதடியில் அவர் தவறுவது அரிது, இரண்டில் முடிப்பார், வில்லையும் உரிமையும் அவருக்கு. வெளியே என்றால் ஒன்று கூடும். எவ்வளவு நன்றாக எறிந்தாலும் மூன்றுதான். ரோண்டாவின் மூன்றோடு சமம்.

"கோடு எங்க இருக்கு?" என்று டேரிக் கேட்டார்.

"நீதானேப்பா போட்டே" என்றார் மெர்ல்.

கொடி நடலாம் என்றுதான் முதலில் நினைத்ததாகவும், புல் வெட்டுகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டதாகவும் டேரிக் சொன்னார். கைப்பேசியில் மைதானத்தின் படத்தை விரித்தார். அது பத்தடி முன்பின்னாகக் காட்டும் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

"பத்தடி முன்னபின்னன்னா நான் இங்க நின்னுக்கிட்டே கூடைக்குள்ள இருக்கேன்" என்றார் மெர்ல்.

தெரியாத நிலையில், சேர்ந்து ஆடுபவர்களின் பெரும்பான்மை முடிவு செய்ய வேண்டும் என்பது ஆட்டத்தின் பொதுவிதி. மெர்ல் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். "தண்ணிக்குள்ள கிடக்கு. மீன் போற இடம். என் கண்ணுக்கு அது வெளியதான்" என்று நிதானமாகச் சொல்லி, என்னைப் பார்த்தார். எனக்கும் அது வெளியேதான் என்று பட்டது. ஆகஸ்டில் வெட்டுக்கிளி உட்கார்ந்த இடம் ஆறாக இருந்ததென்றால், சோளத்தட்டை மிதந்து போகிற இடம் கரையாக இருப்பதை எந்த மனிதன் ஒப்புக்கொள்வான்? அப்படியே சொன்னேன். இந்த முறை நான் தாமதிக்கவில்லை.

இரண்டு பேர் சொல்லியாகிவிட்டது. ரோண்டா தலையை அசைத்தால் போதும். கோடு அன்றோடு ஒழிந்திருக்கும்.

"ஓட்டுப் போட்டு வச்ச கோடு" என்றார் ரோண்டா. "நமக்கு வேணும்கிறப்ப ஓட்டுப் போட்டு நகத்துறதா?"

அவர் முகம் சிவந்திருந்தது. எங்கள்மேல் கோபமா, கோட்டின்மேலா, அன்றைக்கென்று பெருகி வந்த ஆற்றின்மேலா என்று சொல்ல முடியவில்லை. விதைத்தோல் கோப்பையை மெர்லின் கையில் கொடுத்தார். காட்டன்வுட் மரத்தடிக்குப் போய், வேரில் குதிகாலை வைத்து நடக்கத் தொடங்கினார். வாய்விட்டு எண்ணினார். பத்தாவது எட்டில் காலணி நனைந்தது. பதின்மூன்றில் நீர் முழங்காலைத் தொட்டது. ஓட்டம் இழுத்தபோதும் எட்டு குறுகவில்லை. ஒவ்வொரு காலையும் நீரிலிருந்து முழுவதுமாகத் தூக்கி, முழுவதுமாக வைத்தார். பதினேழில் நின்றார். காலால் அடியைத் துழாவினார். சிவப்புத் தட்டு அவருக்கு இரண்டடி இந்தப் பக்கம், கரையை ஒட்டி இருந்தது.

"உள்ள" என்றார்.

"ஏம்மா, இன்னொரு தடவை எண்ணிப் பாரேன்" என்று மெர்ல் கரையிலிருந்து சொன்னார். "மழையில வேரு நகந்திருக்கும்."

"வேரு நகராது, மெர்ல்."

டேரிக் நீருக்குள் இறங்கித் தம் தட்டின் அருகில் வந்து நின்றார். எறியாமல் தயங்கினார். தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஆனால் நீர்மேல் வந்ததால் எங்களுக்கும் கேட்டது. "ரோண்டா, வேணும்னா வெளியன்னே வச்சுக்கலாம். எனக்கு ஒண்ணுமில்ல."

"உனக்கு ஒண்ணுமில்லன்னா மே மாசம் எதுக்குப்பா அத்தனை பெயிண்ட் வாங்கினே?" என்றார் ரோண்டா. "ஒரு கோடை முழுக்க இதுக்காக எண்ணிக்கையில கூட்டி எழுதியிருக்கேன். தயவு பண்றதா இருந்தா அப்பப் பண்ணியிருக்கணும். எறி."

டேரிக் எறிந்தார். சங்கிலிகள் ஒலித்தன. தட்டு கூடைக்குள் விழுந்து கிடந்தது.

கரையில் யாரும் கை தட்டவில்லை. மெர்ல் கையிலிருந்த கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கை குலுக்குவது வழக்கம். டேரிக் வழக்கத்தை விடாதவர். தொடையளவு நீரில் நின்றபடியே தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலது கையை நீட்டினார்.

ரோண்டா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, நின்ற இடத்திலிருந்து பாதத்தை எடுக்காமல் குனிந்து, தோள்வரை கையை நீருக்குள் விட்டு, காலணியை ஒட்டித் துழாவினார். சட்டை முழுவதும் நனைந்து நிமிர்ந்தபோது அவர் பிடியில் ஆற்றுச் சரளை இருந்தது. சேறு வழிந்த அந்தக் கற்களின் ஒரு பக்கம் ஆரஞ்சு. நீட்டிய கையில் அவற்றை வைத்து, டேரிக்கின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.